300 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டை பாட்டில் – மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவியூ

இன்வெர்ஸ் ஓபல் (ஒழுங்கான வரிசைல நானோ ஓட்டைங்க இருக்கற, நிறம் காட்டற படலம்) பண்றதுக்காக பாலிஸ்டைரீன்ங்கற பிளாஸ்டிக் உருண்டை வாங்கலாமான்னு யோசிக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், வாங்கறதுக்கு முன்னாடி நான் நிறைய தேடினேன், கிடைச்சது எல்லாம் ஒண்ணு கம்பெனி எழுதின விளம்பரம் இல்லன்னா ஆராய்ச்சிக் கட்டுரை, நடுவுல பாட்டிலைத் திறந்து கை வச்சு பாத்தவங்க எழுதினது எதுவுமே கண்ணுல படல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

வாங்கினது என்னன்னா 15 மில்லி பாட்டில், தண்ணில 10% எடைக்கு பாலிஸ்டைரீன் உருண்டை, லேபிள்ல 300 நானோமீட்டர், சிவி (உருண்டைக்கு உருண்டை சைஸ் வித்தியாசம்) 3%க்கு கீழ. பாக்க சாதாரண பால் மாதிரிதான் இருக்கும். ஆனா கணக்கு போட்டு பாருங்க, அதுல ஒரே ஒரு மில்லிக்குள்ள கிட்டத்தட்ட 6.7 லட்சம் கோடி உருண்டை இருக்கு, எல்லாமே ஏறக்குறைய ஒரே சைஸ். முதல் தடவை அந்த நம்பரைப் போட்டப்ப நான் ரெண்டு தடவை திருப்பிப் போட்டு பாத்தேன்.

இது எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. மெழுகுல உருவம் செஞ்சு மேல மண் பூசி சூடாக்கி மெழுகை வெளியேத்திட்டா உள்ள அதே வடிவத்துல காலி இடம் கிடைக்கும்ல, அதேதான் இங்கயும், ஆனா நானோ அளவுல. உருண்டைங்களை தானாவே வரிசையா அடுக்க விடறோம், இடைவெளில சிலிக்காவோ டைட்டானியாவோ நிரப்பறோம், அப்புறம் சூடு வச்சு பாலிஸ்டைரீனை எரிச்சுடறோம். உருண்டை இருந்த இடமெல்லாம் ஓட்டை, ஓட்டைங்க எல்லாம் ஒழுங்கான வரிசைல. 1992ல மொபில் கம்பெனி ஆளுங்க எம்சிஎம்-41ங்கற நுண்துளை சிலிக்கா பண்ணப்பவும் யோசனை இதேதான், அங்க அச்சா இருந்தது சிடிஏபி மாதிரி சோப்பு மூலக்கூறுங்க ஒண்ணு சேர்ந்து உருவாக்கற குழாய், ஓட்டை சில நானோமீட்டர்தான். 1998ல வந்த எஸ்பிஏ-15ங்கற இன்னொரு நுண்துளை சிலிக்கால பி123ங்கற பாலிமர், ஓட்டை 5லருந்து 30 நானோமீட்டர் வரைக்கும் போச்சு. அதை விட பெரிய ஓட்டை, நூறு நானோமீட்டரைத் தாண்டி வேணும்னா மூலக்கூறு பத்தாது, உருண்டைதான் அச்சு. 1997ல டெலவேர் பல்கலைக்கழகத்துல வெலெவ் குழு லேடக்ஸ் உருண்டையை அடுக்கி நுண்துளை சிலிக்கா பண்ணிக் காட்டினாங்க, அடுத்த வருஷமே ஹாலண்ட், பிளான்ஃபோர்ட், ஸ்டைன் மூணு பேரும் டைட்டானியா, சிர்கோனியா, அலுமினான்னு இதே வழில பண்ணிட்டாங்க.

சரி பாட்டிலுக்கு வருவோம்.

முதல்ல சைஸ். லேபிள்ல 300ன்னு போட்டிருக்கு, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல நான் 200 உருண்டை அளந்தேன், சராசரி 294 வந்துச்சு. டிஎல்எஸ் மெஷின்ல (தண்ணில மிதக்கற உருண்டையை ஒளி வச்சு அளக்கறது) போட்டா 312ன்னு காட்டுது. இதைப் பாத்து கம்பெனி ஏமாத்திட்டான்னு நினைக்க வேணாம், டிஎல்எஸ் உருண்டையைச் சுத்தி ஒட்டிக்கிட்டு நகர்ற தண்ணிப் படலத்தையும் சேர்த்துதான் அளக்குது, மைக்ராஸ்கோப்புல காஞ்ச உருண்டை, அதுவும் எலக்ட்ரான் கத்தை பட்டா பாலிஸ்டைரீன் கொஞ்சம் சுருங்கும். ரெண்டு நம்பரும் வேற வேற விஷயத்தைச் சொல்லுது. என் குறை என்னன்னா 300ங்கறது எந்த முறைல அளந்ததுன்னு லேபிள்ல இல்ல, மெயில் போட்டு கேட்டப்பறம்தான் பேட்ச் சர்டிஃபிகேட் அனுப்பினாங்க, அதை முதல்லயே பாட்டிலோட வச்சிருக்கலாம்.

ஆனா உண்மையா முக்கியமான நம்பர் சைஸ் இல்ல, சிவிதான். அதாவது உருண்டைக்கு உருண்டை எவ்வளவு வித்தியாசம்ங்கறது. 290 இருந்தாலும் 310 இருந்தாலும் உங்களுக்கு ஓபல் (உருண்டைங்க ஒழுங்கா அடுக்கின படலம்) கிடைக்கும், நிறம்தான் கொஞ்சம் மாறும். ஆனா 270ம் 330ம் கலந்து இருந்தா ஒண்ணும் கிடைக்காது, அடுக்குல அங்கங்க பெருசு உக்காந்து பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் தள்ளி விட்டுடும், 5%க்கு மேல போனாலே ஒழுங்கு கெட ஆரம்பிச்சுடும். இதை நான் எங்க கத்துக்கிட்டேன்னா இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல சல்லிசா கிடைக்குதுன்னு ஒரு பாட்டில் வாங்கினேன், அதுல சிவி போடவே இல்ல, நான் கேக்கவும் இல்ல. ஆறு வாரம் போச்சு. கண்ணாடியைத் தேய்ச்சேன், வெப்பநிலை மாத்தினேன், செறிவு மாத்தினேன், என்ன பண்ணாலும் படலம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாவே காஞ்சுது, நிறம்னு ஒண்ணு வரவே இல்ல. கடைசில மைக்ராஸ்கோப்புல வச்சு அளந்தா சிவி 11%. அந்த ஆறு வாரத்துல என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போயிருந்துச்சு, அந்த நம்பரைப் பாத்த அன்னைக்கு கோவம் வந்ததை விட நிம்மதிதான் அதிகம். அதனால யார் கிட்ட வாங்கினாலும் சிவி நம்பர் எழுத்துல இல்லாம வாங்காதீங்க, இந்த ரிவியூல ஒரு வரிதான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா அது இதுவா இருக்கட்டும்.

இந்தப் பாட்டில்ல நான் அளந்தது 2.4%. சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்காங்க.

அடுத்து உள்ள வேற என்ன இருக்குங்கறது. உருண்டைங்க ஒட்டிக்காம இருக்கறதுக்கு கொஞ்சம் சர்ஃபக்டன்ட் (சோப்பு மாதிரி ஒண்ணு) போட்டிருப்பாங்க, அது எல்லா கம்பெனியும் பண்றதுதான், அதோட பூஞ்சை பாக்டீரியா வராம இருக்க சோடியம் அசைடு. இந்த அசைடு விஷயம் பாட்டில் மேல இல்ல, பாதுகாப்பு ஷீட்டுல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கு. இதுக்காகவே நான் ஒரு ஸ்டார் குறைக்கறேன். ஏன்னா இந்த வேலைல அடுத்த ஸ்டெப்பே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த சிலிக்கா கரைசலை இதுல ஊத்தறதுதான், அசைடும் அமிலமும் சேர்ந்தா ஹைட்ரசோயிக் அமிலம் வரும், அது விஷ வாயு. அளவு ரொம்ப கம்மிதான், புகைபோக்கிக்குள்ள (வாயுவை வெளிய இழுக்கற லேப் பெட்டி) பண்ணா பெரிய ஆபத்து இல்லன்னு வச்சுக்கிட்டாலும் தெரிஞ்சு பண்றதும் தெரியாம பண்றதும் ஒண்ணா? மிச்சத்தை சிங்க்ல ஊத்தவும் கூடாது, செம்பு, ஈயக் குழாய்ல அசைடு சேர்ந்து சேர்ந்து வெடிக்கற உப்பா மாறும். பாட்டில் மேல ஒரு வரி போட எவ்வளவு இடம் ஆகப் போகுது.

அதனால கழுவிட்டுதான் யூஸ் பண்ணணும். நான் பண்றது: 8000 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ், மேல தெளிஞ்ச தண்ணியை எடுத்துட்டு சுத்தமான டிஅயனைஸ்டு தண்ணி, அல்ட்ராசோனிக் தொட்டில அரை மணி நேரம், இப்படி மூணு தடவை. ரொம்ப வேகமா சுத்தினா அடில கட்டியா இறுகிடும், அப்புறம் அது முழுசா பிரியவே பிரியாது, பிரிஞ்ச மாதிரி தெரியும் ஆனா ரெண்டு ரெண்டா மூணு மூணா ஒட்டியே இருக்கும், அடுக்கறப்ப காட்டிக் கொடுத்துடும். மூணாவது தடவைக்கு அப்புறம் குலுக்கினா நுரை நிக்காம உடனே அடங்கும், அதுதான் எனக்கு அடையாளம். டயாலிசிஸ் பை (சின்ன மூலக்கூறை மட்டும் வெளிய விடற பை) இருந்தா இன்னும் நல்லது, உருண்டையும் வீணாகாது, ஆனா நாள் கணக்குல காத்திருக்கணும்.

எவ்வளவு நாள் வரும்னு கேப்பீங்க. ஒரு 20 மில்லி வயலுக்கு (சின்ன கண்ணாடிக் குப்பி) 0.125% செறிவு போதும், அதுக்கு கால் மில்லிதான் செலவு, கணக்குப்படி ஒரு பாட்டிலுக்கு 60 வயல். கழுவறப்ப போறதைக் கழிச்சா எனக்கு 45 கிட்ட தேறும்னு நினைக்கறேன். அந்த வகைல பாத்தா விலை நியாயம்தான், முதல்ல பாத்தப்ப கொஞ்சம் திகைப்பாதான் இருந்துச்சு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கண்ணாடித் துண்டை நல்லா கழுவி பிளாஸ்மா மெஷின்ல (மேற்பரப்பைச் சுத்தம் பண்றது) வச்சு, வயல்ல கிட்டத்தட்ட நேரா நிறுத்தி, 65 டிகிரி அடுப்புல விட்டுடறோம். தண்ணி ஆவியாகி மட்டம் இறங்க இறங்க, கண்ணாடியும் தண்ணியும் சந்திக்கற கோட்டுல உருண்டைங்க போய் போய் சேரும், யாரும் அடுக்கல, ஈரம் இழுக்கற இழுப்புலயே அதுங்களா நெருங்கி உக்காந்துக்கும், ஒவ்வொண்ணைச் சுத்தியும் 12 பேர், மொத்த இடத்துல 74% உருண்டை, 26% இடைவெளி. காலைல வந்து கதவைத் திறந்தா கண்ணாடில ஆழ்ந்த சிவப்பு. சாயம் எதுவும் இல்ல, பாலிஸ்டைரீனுக்குன்னு நிறமே கிடையாது, வரிசைங்களுக்கு நடுவுல இருக்கற தூரம்தான் அந்த நிறம். சாய்ச்சா பச்சைப் பக்கம் ஓடுது. இயற்கைல கிடைக்கற ஓபல் கல்லும் இதேதான், 1960கள்ல ஆஸ்திரேலியால எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தப்பதான் உள்ள 150லருந்து 300 நானோமீட்டர் சிலிக்கா உருண்டைங்க அடுக்கி இருக்குன்னு தெரிஞ்சுது. பூமிக்குள்ள எவ்வளவு காலம் எடுத்து நடந்ததோ, அது என் கண்ணாடித் துண்டுல ரெண்டு ராத்திரில நடந்திருக்கு. நான் ரொம்ப நேரம் அதைக் கைல வச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன்.

ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாத்தா அந்த சிவப்போட அலைநீளம் 705 நானோமீட்டர். 294ஐ வச்சு கணக்கு போட்டா 701 வரணும். பாட்டில் மேல நம்பிக்கை வந்த இடம் இதுதான்.

ஆனா வெறும் உருண்டையை அடுக்கிட்டு அப்புறமா சிலிக்கா ஊத்தினா விரிசல் வரும், காயறப்ப எல்லாம் கொஞ்சம் சுருங்கும்ல, வறண்ட குளம் மாதிரி பாளம் பாளமா வெடிச்சிடும், ஊத்தறது அந்த விரிசல்லயும் போய் நிரம்பிடும். இதுக்கு 2010ல ஹார்வர்டுல ஐசன்பெர்க் குழு ஒரு வழி சொன்னாங்க, உருண்டையோடயே சிலிக்கா கரைசலையும் வயல்ல கலந்து விட்டுடறது, ரெண்டும் ஒண்ணாவே படியும். டிஇஓஎஸ் (சிலிக்கா தர்ற திரவம்) ஒரு பங்கு, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு, எத்தனால் ஒன்றரைப் பங்கு, எல்லாம் எடைக்கு, ஒரு மணி நேரம் கலக்கி, 20 மில்லி வயலுக்கு 0.15 மில்லி. கழுவாத உருண்டைல இதைப் பண்ணப்ப படலம் திட்டுத் திட்டா வந்துச்சு, கழுவினதுல சென்டிமீட்டர் கணக்குல விரிசல் இல்லாம வந்துச்சு, அதே பாட்டில், அதே அடுப்பு. சிலிக்கா அதிகமானா மேல ஓடு மாதிரி மூடிடும், ஓட்டை எல்லாம் அடியில மாட்டிக்கும், கம்மியானா எரிக்கறப்ப சிலிக்கா சட்டகம் நொறுங்கிடும். 0.13லருந்து 0.16 வரைக்கும் போட்டுப் பாத்தேன், இந்த பேட்ச்சுக்கு 0.15 சரியா அமைஞ்சுது. இன்னொண்ணு, அடுப்பு இருந்த மேசைல வேக்குவம் பம்ப் ஓடிட்டு இருந்தா படலத்துல கோடு கோடா வருது, ஒரு வாரம் காரணம் புரியாம தவிச்சேன், பம்பை வேற மேசைக்கு மாத்தினதும் போயிடுச்சு.

எரிக்கறது 500 டிகிரில ரெண்டு மணி நேரம், நிமிஷத்துக்கு 2 டிகிரின்னு மெதுவா ஏத்தணும், அவசரப்பட்டா வாயு ஒரேயடியா வெளிய வந்து படலத்தைப் பேத்துடும். ஸ்டைரீன் நாத்தம் பலமா வரும், புகைபோக்கி இல்லாம பண்ணவே பண்ணாதீங்க.

எடுத்துப் பாத்தா சிவப்பு போய் நீலம். மைக்ராஸ்கோப்புல ஒவ்வொரு குழிக்குள்ளயும் மூணு சின்ன கருப்பு ஜன்னல், கீழ் வரிசைல இருந்த மூணு உருண்டையைத் தொட்டுக்கிட்டு இருந்த இடங்க அது, தொட்ட இடத்துல சிலிக்கா போக முடியாதுல்ல, அது வழியாவே குழிக்குக் குழி பாதை. குழிக்கு குழி தூரம் 236 நானோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20% சுருங்கியிருக்கு. சிலிக்கா ஜெல் இறுகறப்ப 15லருந்து 30% வரைக்கும் சுருங்கறது வழக்கம்தான், வாங்கற சைஸை முடிவு பண்றப்ப இதைக் கணக்குல சேர்க்கணும், நான் சேர்க்கல.

நீலத்து மேல ஒரு சொட்டு எத்தனால் விட்டேன், விட்ட இடம் அப்படியே பச்சையாச்சு, 440ல இருந்தது 535க்குப் போச்சு, ஓட்டைல இருந்த காத்து போய் எத்தனால் நிரம்பினதும் ஒளிவிலகல் எண் மாறிடுது, அரை நிமிஷத்துல காஞ்சு திரும்பவும் நீலம். என்னோட வேலை செய்யற ஜூனியர் பொண்ணு பாத்துட்டு "அக்கா இன்னொரு தடவை விடுங்க, இன்னொரு தடவை"ன்னு ஏழெட்டு தடவை விட வச்சா. ஓட்டைங்க நிஜமாவே மேலருந்து கீழ வரைக்கும் திறந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குங்கறதுக்கு இதை விட சுலபமான சோதனை எனக்குத் தெரியல.

சர்வீஸ் பத்தியும் சொல்லணும். முதல்ல வந்த பாட்டில் உறைஞ்சு வந்துச்சு, ஐஸ் பேக்கை பாட்டில்ல ஒட்டியே வச்சு கட்டியிருந்தாங்க. பாலிஸ்டைரீன் சஸ்பென்ஷன் 2லருந்து 8 டிகிரில இருக்கணும், ஒரு தடவை உறைஞ்சுதுன்னா முடிஞ்சுது, பனிப் படிகம் வளர்றப்ப உருண்டைங்களை ஒண்ணோட ஒண்ணு நெருக்கி ஒட்ட வச்சிடும், உருகினப்பறம் தயிர் மாதிரி திரிதிரியா நிக்கும், எந்த அல்ட்ராசோனிக்கும் அதைச் சரி பண்ணாது. போட்டோ எடுத்து அனுப்பினேன், எதிர்க்கேள்வி கேக்காம பத்து நாள்ல வேற பாட்டில் வந்துச்சு, இந்த தடவை நடுவுல அட்டை வச்சு கட்டியிருந்தாங்க. அதுக்கு பாராட்டணும். உங்களுக்கு வந்தா பெட்டியைத் திறந்த உடனே, பாட்டிலைக் குலுக்கறதுக்கு முன்னாடி, அடில திரி இருக்கான்னு பாத்துடுங்க.

யாருக்கு இது ஒத்து வரும்? இன்வெர்ஸ் ஓபல், நிறம் மாறற சென்சார், பெரிய மூலக்கூறு உள்ள போய் வரணுங்கற மாதிரி கேட்டலிஸ்ட் தாங்கி, இதுக்கெல்லாம் தாராளமா வாங்கலாம். கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு வேணும்னு வர்றவங்களுக்கு இது இல்ல, ஓட்டை பெருசு அதனால பரப்பு கம்மி, நீங்க எஸ்பிஏ-15 பக்கம் போங்க. நேரா குழாய் மாதிரி ஓட்டை வேணும்னா அனோடைஸ் பண்ண அலுமினா இருக்கு, ஆக்சாலிக் அமிலத்துல 40 வோல்ட் வச்சா ஓட்டைக்கு ஓட்டை 100 நானோமீட்டர்னு அதுவே ஒழுங்கா வரிசை கட்டும், அச்சே வாங்க வேணாம்.

என் மார்க் 5க்கு 4, குறைஞ்ச ஒண்ணு அந்த அசைடு வரிக்காக.

காய்ஞ்ச நிலைல சிவப்பா இருக்கற இன்வெர்ஸ் ஓபல்தான் எனக்கு முதல்லருந்தே வேணும்னு இருந்துச்சு. 20% சுருக்கத்தைச் சேர்த்துக் கணக்கு போட்டா உருண்டை 420 இருக்கணும், அப்ப 620 பக்கம் நிறம் வரும். அதே கடைல 420க்கு நேத்து ஆர்டர் போட்டுட்டேன், பேட்ச் சர்டிஃபிகேட்டை இந்த தடவை பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கினேன், சிவி 2.1%ன்னு போட்டிருக்கு.